மோன்டெபுல்ச்சானோ போய்ச் சேர்வது எப்படி? கடைசிப் பஸ்ஸிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

இத்தாலியில் மோன்டெபுல்ச்சானோ என்று பெயர்ப்பலகை மாட்டிய ரயில் நிலையம் ஒன்று உண்டு. அங்கே இறங்கிவிடாதீர்கள். நான் இறங்கினேன். வண்டி போன பிறகுதான் ஊருக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கிறது என்று தெரிந்தது. ஒற்றைத் தண்டவாளம், கண்ணுக்கெட்டிய வரை வயல், தூரத்து மலைமேல் கோபுரமும் கூரைகளுமாக ஊர். ஆட்டோ ஸ்டாண்டு இருக்கும், ஷேர் ஆட்டோவாவது வரும் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் கால் மணி நேரம் நின்றேன். ஈ காக்கை இல்லை.

தப்பு நிலையத்தின் மேல் இல்லை. ஊர் இருப்பது 605 மீட்டர் உயரத்தில், ஒரு மலையின் முதுகில். ரயில் பாதை சமதரையைத் தேடிக் கீழே கியானா பள்ளத்தாக்கில் ஓடுகிறது. டஸ்கனி மாநிலத்துத் திராட்சை ஊர்கள் பலவற்றுக்கும் இதே கதைதான்: பக்கத்து ஊர்ப் பெயரில் ஒரு நிலையம், அல்லது நிலையமே கிடையாது.

வீனோ நோபிலே என்ற சிவப்பு ஒயினுக்காகத்தான் பெரும்பாலோர் இங்கே வருகிறார்கள். 1980இல் இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின் தரச் சான்று முதன்முதலாக வழங்கப்பட்ட சிலவற்றில் இதுவும் ஒன்று. இங்கே ஒரு குழப்பம் உண்டு. கடைகளில் 'மோன்டெபுல்ச்சானோ தப்ருட்ஸோ' என்று விற்பது இந்த ஊர் ஒயின் இல்லை. அது அப்ருட்ஸோ மாநிலத்தில் விளையும் மோன்டெபுல்ச்சானோ என்ற வேறொரு திராட்சை. இந்த ஊர் ஒயின் சாஞ்சோவேசே திராட்சையில் செய்வது. இணையத்தில் பெயரை மட்டும் தட்டித் தேடினால் இரண்டும் கலந்து வரும், ஜாக்கிரதை.

வழக்கமாக நாம் விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, "மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவோம். இந்த ஊருக்கு அது சரிப்படாது. ரோம் வரை வருவதில் ஒரு சிரமமும் இல்லை. சிக்கல் கடைசி இருபது கிலோமீட்டரில்தான். அதனால் இந்த வழிகாட்டியைத் தலைகீழாக எழுதியிருக்கிறேன்: முதலில் நாள், பிறகு பஸ், பிறகு ரயில், கடைசியில்தான் விமானம்.

முதல் படி: எந்தக் கிழமை?

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். முழு வழிகாட்டியையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சியேனாவிலிருந்து வரும் பஸ் ஞாயிறு ஓடுவதில்லை. நீங்கள் ரயிலில் வந்து இறங்கப்போகும் கியூசியிலிருந்து வருவதும் மிகக் குறைந்துவிடும்.

பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் படிக்க மூன்று சொற்கள் போதும். 'ஃபெரியாலே' என்றால் வேலை நாள். சனிக்கிழமையும் அதில் அடக்கம். 'ஃபெஸ்டீவோ' என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும். 'ஸ்கொலாஸ்டிகோ' என்றால் பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் மட்டும். முதல் சொல்தான் ஆளைக் கவிழ்ப்பது. இத்தாலிய மொழியில் 'ஃபேரியே' என்றால் விடுமுறை. ஆனால் 'ஃபெரியாலே' அதற்கு நேர் எதிர். கொஞ்சம் இத்தாலியன் படித்துவிட்டு வருகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். மூன்றாவது சொல்லும் லேசுப்பட்டதல்ல. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, நாம் சுற்றுலா போகும் பருவம் முழுக்க, அங்கே பள்ளி விடுமுறை. அட்டவணையில் பத்துப் பஸ் இருக்கும். பக்கத்தில் போட்டிருக்கும் குட்டி எழுத்தைப் பார்த்தால் அதில் பாதி உங்களுக்கு இல்லை.

விடுமுறைகளில் ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, டிசம்பர் 8 ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்குதான், சில நாள் அதைவிட மோசம்.

ஒரு விதிவிலக்கு. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு 'பிராவியோ தெல்லே பொத்தி' நடக்கும். ஊரின் எட்டுப் பேட்டைகளைச் சேர்ந்தவர்கள், பேட்டைக்கு இரண்டு பேராக, எண்பது கிலோ எடையுள்ள மரப்பீப்பாயை ஏற்றமான தெருவில் உருட்டிக்கொண்டு மேல் சதுக்கம் வரை ஓடும் பந்தயம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஊரே ஆளால் நிறைந்திருக்கும் அதே நாளில் பஸ்ஸும் அரிது. சனிக்கிழமையே போய்த் தங்கிவிட்டு, திங்கட்கிழமை இறங்குங்கள்.

இரண்டாம் படி: கியூசியிலிருந்து மேலே

ரயிலில் நீங்கள் இறங்க வேண்டிய நிலையத்தின் முழுப் பெயர் கியூசி-கியாஞ்சானோ தெர்மே. 'சியூசி' என்று கேட்டால் யாருக்கும் புரியாது; அந்த மொழியில் அந்த எழுத்துக் கூட்டுக்கு 'கி' ஓசைதான்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பஸ் நிற்கும் இடம். ஏறும் முன் டிக்கெட் வாங்குங்கள். பெரிய 'டி' எழுத்துப் பலகை தொங்கும் 'தபாக்கி' கடைகளில் கிடைக்கும். சிகரெட், தபால்தலை, பஸ் டிக்கெட் எல்லாம் விற்கும் பெட்டிக்கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் அதையும் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அதனால் பஸ் நிறுவனத்தின் செயலியையும் முன்கூட்டியே கைபேசியில் போட்டு வைப்பது நல்லது. 2021 நவம்பரிலிருந்து டஸ்கனி முழுக்க ஓடும் அரசு ஒப்பந்தப் பஸ்கள் 'ஆட்டோலினீ டொஸ்கானே' என்ற ஒரே நிறுவனத்தின் கையில்தான். பழைய வலைப்பதிவுகளில் வேறு நிறுவனப் பெயர்கள் இருந்தால் அந்தத் தகவல் காலாவதியானது என்று தள்ளிவிடுங்கள். டிக்கெட்டை ஏறியதும் இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். பதியாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான்.

பயணம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். நேரே போனால் அவ்வளவு ஆகாது. பஸ் கியாஞ்சானோ தெர்மே என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குள் புகுந்து, ஓட்டல் ஓட்டலாக நின்று போகும். இங்கே பாதிப் பஸ் காலியாகும். அதைப் பார்த்து நீங்களும் எழுந்துவிடாதீர்கள். ஊரைத் தாண்டியதும் சாலை வளைய ஆரம்பிக்கும், இரண்டு பக்கமும் திராட்சை வரிசை, நடுநடுவே ஒலிவ மரம். மதியம் ஒன்று இரண்டு மணிப் பஸ் என்றால் பள்ளிப் பிள்ளைகளும் புத்தகப் பைகளும் நிறைந்திருக்கும். பெரிய பெட்டியைக் கீழ்த்தட்டில் போடச் சொல்லி ஓட்டுநரிடம் முதலிலேயே கேளுங்கள்.

டாக்ஸி? ரயில் வந்ததும் வரிசையில் நிற்கும் என்று எண்ண வேண்டாம். இந்தப் பக்கத்தில் செயலியில் கூப்பிட்டால் வருகிற வண்டிகளும் கிடையாது. தங்கப் போகும் இடத்துக்காரர்களிடம் முந்தைய நாளே சொல்லி, தொகையையும் பேசிக்கொண்டு, வண்டி ஏற்பாடு செய்துவிடுவதுதான் உத்தமம். நாலு பேராகப் போனால் தலைக்கு வரும் தொகை ஒன்றும் தாங்க முடியாததல்ல. முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், ராத்திரி வந்து சேர்கிறவர்கள் பஸ்ஸையே நினைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: கியூசி வரை ரயில்

ஃப்ளாரன்ஸுக்கும் ரோமுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது கியூசி. இரு பக்கமிருந்தும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆனால் எல்லா வண்டியும் நிற்காது. இந்த இரு நகரங்களுக்கு இடையே இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று பழைய மெதுப் பாதை. மற்றொன்று 'திரெத்திஸ்ஸிமா' என்ற அதிவேகப் பாதை. அதன் முதல் பகுதி 1977இல் ரோமிலிருந்து சிட்டா தெல்லா பியேவே வரை, அதாவது கியூசிக்குப் பக்கத்து ஊர் வரை, திறந்தது. 1992இல் முழுப் பாதையும் முடிந்தது. அதில் பறக்கும் சிவப்பு வண்டிகளில் பெரும்பாலானவை கியூசியை எட்டிக்கூடப் பார்க்காது. உங்களுக்கு வேண்டியது 'ரெஜியோனாலே' என்ற உள்ளூர் வண்டி, அல்லது கொஞ்சம் வேகமான 'ரெஜியோனாலே வெலோச்சே'. சில 'இன்டர்சிட்டி' வண்டிகளும் நிற்கும்.

ரெஜியோனாலேவில் எனக்குப் பிடித்தது அதன் விலை. அதிவேக வண்டி போல நாள் நெருங்க நெருங்க ஏறாது. தூரத்துக்கு ஏற்ற ஒரே கட்டணம். இருக்கை எண் கிடையாது, முன்பதிவு செய்ய அவசரமும் கிடையாது. நிலையத்தில் எடுத்த காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் தேதி முத்திரை குத்த வேண்டும். கைபேசி டிக்கெட் என்றால் அதிலேயே வரும் செக்-இன் குறிப்பைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

பலகையில் 'கியூசி' என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அதில் வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் பெரிதாக இருக்கும்: ரோமில் நின்றால் 'ஃபிரென்ஸே', ஃப்ளாரன்ஸில் நின்றால் 'ரோமா'. டிக்கெட்டில் இருக்கும் வண்டி எண்ணை வைத்துத் தேடுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. 'பினாரியோ' என்றால் பிளாட்பாரம், 'ரிதார்தோ' என்றால் தாமதம், பக்கத்தில் இருக்கும் எண் எத்தனை நிமிடம் என்பது.

ரோமிலிருந்து வந்தால் ஓர்வியேத்தோவின் செங்குத்துப் பாறை ஜன்னலில் தெரிந்த பிறகு பெட்டியைக் கீழே இறக்கி வையுங்கள். ஃப்ளாரன்ஸிலிருந்து வருகிறவர்கள் இடது பக்க ஜன்னல் பிடியுங்கள். காஸ்திலியோனே தெல் லாகோ வரும்போது திராசிமேனோ ஏரி அந்தப் பக்கம்தான். ஏரி மறைந்ததும் அடுத்து கியூசி.

வேலைநிறுத்தம் பற்றி ஒரு வார்த்தை. 'ஷோபெரோ' என்பார்கள். பெரும்பாலும் நாள் குறித்து முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் நடக்கும், அதிலும் வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பிடித்த நாள். வேலை நாளில் வேலைநிறுத்தம் வந்தால் காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் உள்ளூர் ரயில்களில் குறிப்பிட்டவை ஓடியே ஆக வேண்டும் என்பது விதி. காலைத் தொகுப்பைப் பிடித்துவிட்டால் தப்பித்தீர்கள்.

சியேனா வழியாக வருவது

ஏற்கெனவே சியேனாவில் தங்கியிருந்தால் கியூசி வரை சுற்ற வேண்டாம். சியேனா ரயில் நிலையத்திலிருந்து 112ஆம் எண் பஸ், புவோன்கொன்வேந்தோ, சான் குய்ரிக்கோ, பியென்ஸா வழியாக ஒன்றரை மணி நேரத்தில் மோன்டெபுல்ச்சானோ சேர்க்கும். திங்கள் முதல் சனி வரை மட்டும். இந்தப் பகுதியின் மிக அழகான பஸ் வழி இதுதான் என்பது என் கட்சி. குன்று குன்றாக மடிந்து போகும் நிலம், ஒற்றைச் சைப்ரஸ் மரங்கள் என்று படத்தில் பார்த்ததெல்லாம் ஜன்னலில் வரும். பியென்ஸாவில் இறங்கி செம்மறியாட்டுப்பால் சீஸ் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறலாம், அடுத்தது எப்போது என்று முதலில் பார்த்துக்கொண்டு.

சியேனாவிலிருந்து கியூசிக்கு டீசல் ரயில் ஒன்றும் உண்டு. நான் தவறி இறங்கிய நிலையம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அதில் ஏறுவதானால் கியூசி வரை போய்விடுங்கள்.

நான்காம் படி: எந்த விமான நிலையம்?

இப்போது விமான டிக்கெட்டைப் பார்க்கலாம். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ துபாய், தோஹா வழியாக வருகிறவர்களுக்கு ரோமின் ஃபியூமிச்சீனோதான் சுலபம். அங்கிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினிக்கு 'லியோனார்தோ எக்ஸ்பிரஸ்' 32 நிமிடம், 14 யூரோ. ஆனால் நான் அதை எடுப்பதில்லை. விமான நிலையத்திலிருந்தே 'எஃப்எல்1' என்ற உள்ளூர் வண்டி 8 யூரோவுக்குத் திபுர்தினா நிலையம் போகிறது. கியூசிக்குப் போகும் ரெஜியோனாலே வண்டிகள் அங்கும் நிற்கும். கால் மணி நேரம் கூடுதல்தான். தெர்மினியின் கூட்டத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு கடைசிப் பிளாட்பாரம் வரை ஓட வேண்டியதில்லை.

ஃப்ளாரன்ஸ் விமான நிலையத்தில் இறங்கினால் டி2 டிராம் நகர ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விடும். பீசா என்றால் முதலில் ஃப்ளாரன்ஸுக்கு ரயில், அங்கிருந்து கியூசி. இந்த ஊருக்காக மட்டும் பீசாவில் இறங்குவது மூக்கைச் சுற்றித் தொடுவது. பெருஜா தூரத்தில் கிட்டே, ஆனால் கார் இல்லாமல் அந்தக் கிட்டத்தால் பயன் இல்லை.

கணக்கை இப்படிப் போடுங்கள். கியூசியிலிருந்து கடைசிப் பஸ் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ரயில் அங்கே வர வேண்டும். அந்த ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்னால் விமானம் தரையிறங்க வேண்டும். அப்படி ஒரு விமானம் கிடைக்கவில்லையென்றால் முதல் இரவை ரோமில் தங்குங்கள். இரண்டு விமானம் மாறி வந்த களைப்பில் கியூசி நிலையத்தில் மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

கார் எடுப்பவர்களுக்கு

ஃப்ளாரன்ஸிலிருந்து சுமார் 115 கி.மீ., ரோமிலிருந்து சுமார் 180 கி.மீ. இரண்டும் ஏ1 நெடுஞ்சாலைதான். வடக்கிலிருந்து வந்தால் 'வால்திகியானா' வெளியேற்றம், தெற்கிலிருந்து வந்தால் 'கியூசி-கியாஞ்சானோ தெர்மே'. நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது சுங்கம் கட்ட வேண்டும். மஞ்சள் நிற 'டெலிபாஸ்' வரிசைக்குள் மட்டும் நுழையாதீர்கள்.

இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ.வில் 4ஏ படிவம், ஆயிரம் ரூபாய், ஒரு வருடம் செல்லும். இலங்கையில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் தருகிறது.

அடுத்தது பழைய ஊர்களின் வாயிலில் இருக்கும் தடை வளையம். வெள்ளைத் தட்டில் சிவப்பு வட்டம், பக்கத்தில் மின்பலகை. அதில் 'வார்கோ அத்தீவோ' என்று ஒளிர்ந்தால், "வாயில் இயங்குகிறது, வா" என்று பொருள் கொள்ளாதீர்கள். கேமரா இயங்குகிறது, நீங்கள் போகக்கூடாது என்று பொருள். அபராதச் சீட்டு ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து வரும். அதற்கு முன்பே வாடகைக் கார்க்காரர்கள், போலீசாரிடம் உங்கள் பெயரைக் கொடுத்ததற்கென்று தனிக் கட்டணம் ஒன்றை உங்கள் கார்டில் போட்டிருப்பார்கள். மதில் சுவருக்கு வெளியே எண் போட்ட வாகன நிறுத்துமிடங்கள் வரிசையாக உண்டு; அங்கேயே விட்டுவிடுங்கள். தரையில் நீலக் கோடு காசுக்கு, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் உங்களுக்கில்லை.

நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல சாலைகளில் குளிர்கால டயரோ சங்கிலியோ இருந்தாக வேண்டும். கார் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒயின் சுவைக்க வந்த ஊரில் கார் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்குச் சுழியம். 2024 கடைசியில் தண்டனைகளை இன்னும் இறுக்கிவிட்டார்கள். குழுவில் குடிக்காதவர் ஒருவர் இருந்தால் அவரை ஓட்டுநராக்குவது நம் வழக்கம், ஆனால் மூன்று நாளும் அவரே என்றால் பாவம். ஊருக்குள்ளேயே, பழைய மாளிகைகளின் அடியில் குடைந்த நிலவறைகளில் சுவைக்கக் கிடைக்கிறது, நடந்தே போகலாம். அதனால்தான் இந்த ஒரு ஊருக்கு மட்டும் பஸ்ஸே மேல் என்கிறேன். மோன்டால்சீனோ, பியென்ஸா, நடுவில் இருக்கும் பண்ணைகள் எல்லாம் பார்க்க வேண்டுமானால் அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஓட்டுநரோடு கார் எடுங்கள். மோன்டால்சீனோவுக்குப் பஸ்ஸில் போய்வர முயன்றால் நாள் முழுக்க ஸ்டாப்பில்தான் கழியும்.

சைக்கிள்காரர்களுக்கு: அரெட்ஸோவிலிருந்து கியூசி வரை கால்வாய்க் கரையோரமாக 62 கி.மீ. சமதளப் பாதை இருக்கிறது. அதிலிருந்து ஊருக்கு ஏறும் பகுதிதான் காலைக் கேட்கும்.

மேலே வந்த பிறகு

பஸ் உங்களை இறக்கிவிடுவது பியாட்ஸா நென்னியில். இது ஊரின் அடிவாரம். போர்தா அல் பிராதோ என்ற கோட்டை வாயில் இன்னும் மேலே, அதிலிருந்து பியாட்ஸா கிராந்தே என்ற மேல் சதுக்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். கல் பாவிய தெரு. சக்கரப் பெட்டி கடகடவென்று போடும் சத்தத்தில் கடைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இறங்கியதும் சாலையைக் கடந்தால் மலைக்குள் குடைந்தாற்போல ஒரு செங்கல் கட்டடம் தெரியும். அதற்குள் லிஃப்ட். ஏறி, நடைபாதை வழியாகப் போய், இரண்டாவது லிஃப்ட் பிடித்தால் கோட்டை வாயிலுக்குப் பக்கத்துப் பூங்காவில் வெளியே வருவீர்கள். அங்கிருந்து நடை. மேல் சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தால், பஸ் நிலையத்திலிருந்தே ஊருக்குள் ஏறும் குட்டிப் பஸ் இருக்கிறது. குறுகலான திருப்பங்களில் சுவருக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு கை அகலம்தான் இருக்கும், ஓட்டுநர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியாது.

திரும்பும் நாள்

கீழே போகும் கடைசிப் பஸ் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும். இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு இறங்கலாம் என்ற திட்டம் செல்லாது. அதனால்தான் ஃப்ளாரன்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வருவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. குறைந்தது ஒரு இரவு தங்குங்கள். வந்து இறங்கிய அன்றே பஸ் நிலையத்தில் திரும்பும் நேரத்தைப் பார்த்து, அட்டவணையைப் படம் எடுத்து, டிக்கெட்டையும் வாங்கி வைத்துவிடுங்கள். பாட்டில் வாங்கியிருந்தால் அதைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், கீழ்த்தட்டில் போடும் பெட்டியில் வேண்டாம். வளைவுகள் இறங்கும்போதுதான் அதிகம் குலுக்கும். விமானம் ஏறும் முன் மட்டும் அதைப் பெரிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.